எழுதிய கையின் நிறம்: ழான்-மிஷெல் பாஸ்கியாவும் நியூயார்க்கின் சுவர்களும்

1983ஆம் ஆண்டின் முற்பகுதியில், அமெரிக்கக் கலை உலகின் மதிப்புமிக்க அரங்குகளில் ஒன்றான நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் ஈராண்டுக் கண்காட்சியில் 22 வயதுக் கருப்பின இளைஞர் ஒருவரின் ஓவியங்கள் இடம்பெற்றன. ஐந்தாண்டுகளுக்கு முன்பு அதே நகரத்தின் சுவர்களில் இரவோடு இரவாக எழுதித் திரிந்தவர் அவர். அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அதிகாலையில், சுரங்க ரயில் நிலையச் சுவரில் எழுதினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 25 வயதுக் கருப்பின இளைஞர் ஒருவரை அந்நகரக் காவலர்கள் கைது செய்தனர். நினைவற்ற நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட அவர், பதின்மூன்று நாள்கள் கழித்துக் கண் திறவாமலே இறந்தார். முதலாமவர் ழான்-மிஷெல் பாஸ்கியா. இரண்டாமவர் மைக்கேல் ஸ்டூவர்ட்.

சுவரில் எழுதியவர் ஒருவரை நகரம் கொண்டாடியது. எழுதியதாகச் சொல்லப்பட்ட இன்னொருவரைக் கொன்றது. இரண்டையும் செய்தது ஒரே நகரம்தான் என்பதை மறவாமல் பாஸ்கியாவின் வாழ்க்கையை வாசிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். 2017 மே மாதம் சதபீஸ் ஏலத்தில், 1982இல் அவர் வரைந்த மண்டையோட்டு ஓவியம் ஒன்று 11 கோடியே 5 லட்சம் டாலருக்கு விலைபோனது. அமெரிக்கக் கலைஞர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை எந்த ஏலத்திலும் கிடைத்திராத விலை அது. அன்று முதல் அவர் பெயர் கோடிகளோடு சேர்த்தே உச்சரிக்கப்படுகிறது. ஆனால் அவர் வாழ்ந்த 27 ஆண்டுகள், சுவரில் எழுதும் கையைப் பொதுச் சமூகம் எவ்வாறு எடைபோடுகிறது என்பதற்கான சான்று. அந்தச் சான்றை விலைப்பட்டியலுக்கு வெளியே வைத்துப் பார்க்க முயல்வோம்.

புரூக்ளின் சிறுவன்

பாஸ்கியா 1960 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தை ஜெரார் பாஸ்கியா, ஹெய்ட்டி நாட்டின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து குடியேறிய கணக்காளர். தாய் மட்டில்டே, புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பெற்றோருக்குப் புரூக்ளினில் பிறந்தவர். அடிமைகளாக்கப்பட்ட கருப்பின மக்கள் தாமே கிளர்ந்தெழுந்து போராடி 1804இல் விடுதலை அறிவித்த நாடு ஹெய்ட்டி. அந்த எழுச்சியின் தலைவர் டூசான் லூவெர்த்தூர் பிற்காலத்தில் பாஸ்கியாவின் ஓவியத்தில் வந்து நின்றது தற்செயலன்று.

தாய்தான் அவரை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் சென்றார். ஆறு வயதிலேயே புரூக்ளின் அருங்காட்சியகத்தின் இளம் உறுப்பினராக அவரைச் சேர்த்துவிட்டார். 1968இல், ஏழு வயதில், தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது கார் மோதிக் கை முறிந்தது. மண்ணீரலை அகற்ற நேர்ந்தது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த மகனுக்குத் தாய் கொண்டுவந்து கொடுத்தது ஹென்றி கிரேயின் உடற்கூறியல் நூல். எலும்பும் நரம்பும் உள்ளுறுப்பும் வெளித்தெரிய நிற்கும் அவரது பிற்கால மனித உருவங்களின் விதை அங்கே விழுந்தது. அதே ஆண்டு பெற்றோர் பிரிந்தனர். தாய் மனநல மருத்துவமனைகளுக்குச் செல்வதும் திரும்புவதுமாக இருந்தார். பிள்ளைகள் தந்தையின் பொறுப்பில் வளர்ந்தனர். 1974 முதல் இரண்டாண்டுகள் குடும்பம் புவேர்ட்டோ ரிக்கோவில் வாழ்ந்தது.

இந்த விவரங்களை நாம் வரிசைப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. பாஸ்கியா நடுத்தர வர்க்கக் குடும்பத்தின் பிள்ளை. ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளையும் அறிந்தவர். சிறு வயதிலிருந்தே அருங்காட்சியகங்களில் ஐரோப்பிய ஓவியர்களைப் பார்த்து வளர்ந்தவர். எனினும் பின்னாளில் அவரைப் பற்றி எழுதியவர்களில் பலர், கல்வி வாசனையற்ற தெருப்பிள்ளை என்றும் பயிற்சியில்லாத காட்டு மேதை என்றும் அவரைச் சித்திரித்தனர். கருப்பு உடலிலிருந்து வரும் கலைக்குப் படிப்பும் உழைப்பும் மூலமாக இருக்க முடியாது, இயல்பூக்கம் மட்டுமே மூலமாக இருக்க முடியும் என்ற முன்முடிவு அச்சித்திரிப்பின் அடியில் இருந்தது. உழைக்கும் சாதியினரின் பறையையும் பாட்டையும் அறிவின் விளைபொருளாக ஏற்காமல், பிறவியிலேயே வந்த திறமை என்று தட்டிக்கொடுத்து ஒதுக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

சுவர்களின் மீது தொடுத்த போர்

பாஸ்கியா வளர்ந்த காலத்தில் நியூயார்க் தன் சுவர்களைக் காக்க ஒரு போரை நடத்திக்கொண்டிருந்தது. 1960களின் இறுதியிலிருந்து சிறுவர்களும் இளைஞர்களும் தம் புனைபெயரையும் தெரு எண்ணையும் சேர்த்துச் சுவர்களிலும் சுரங்க ரயில் பெட்டிகளிலும் எழுதத் தொடங்கியிருந்தனர். டாக்கி 183 என்று எழுதிவந்த இளைஞரைப் பற்றி 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி, அவ்வழக்கத்தை நகரமெங்கும் பரப்பியது. அவர்கள் தம்மை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. எழுத்தாளர் என்றே சொல்லிக்கொண்டனர். தம் பெயரை எந்த ஏடும் அச்சிடாத ஒரு நகரத்தில், பல லட்சம் மக்கள் பார்க்கும் ரயிலில் தாமே அதை எழுதிக்கொண்டனர்.

மேயர் ஜான் லிண்ட்சே 1972இல் சுவரெழுத்துக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தார். 1975இல் நகர நிர்வாகம் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தது. பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் தீயணைப்புத் துறைக்கும் நிதி வெட்டப்பட்டது. தெற்கு பிராங்ஸ் பகுதியின் குடியிருப்புகள் தெருத்தெருவாக எரிந்து தரைமட்டமாயின. ஆயினும் நகரத்தின் சீரழிவுக்கு அடையாளமாகப் பொதுப்புத்தியில் பதிந்தவை எரிந்த வீடுகளல்ல. ரயில் பெட்டியின் மேலிருந்த வண்ணங்கள்தாம். மேயர் எட் காச் காலத்தில், 1981இல், ரயில் பணிமனைகளைச் சுற்றி முள்கம்பி வேலிகள் எழும்பின. இரண்டு வேலிகளுக்கு நடுவே காவல் நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டன. 1982 மார்ச்சில் ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கெல்லிங் என்னும் இருவர் அட்லாண்டிக் இதழில் உடைந்த சன்னல்கள் என்ற கோட்பாட்டை முன்வைத்தனர். சிறு ஒழுங்கின்மையைக் கண்டும் காணாமல் விட்டால் பெருங்குற்றங்கள் பெருகும் என்பது அதன் சாரம். சுவரில் கோடு இழுத்தவர் நாளைய கொலையாளியாகப் பார்க்கப்படுவதற்கு அது அறிவுலக முத்திரையை வழங்கியது.

சுரங்க ரயிலில் பயணித்த உழைக்கும் மக்களில் பலரும் அவ்வெழுத்துகளை வெறுத்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சன்னல் கண்ணாடி முழுதும் மை பூசப்பட்டு, எந்த நிலையம் என்றே தெரியாமல் பயணிப்பது இனிமையன்று. கருப்பினக் குடும்பங்களிலும் அந்த வெறுப்பு இருந்தது. சுவரில் எழுதியவர்கள் அனைவரும் கருப்பினத்தவரும் அல்லர். வெள்ளையின இளைஞர்களும் கணிசமாக இருந்தனர். ஆனால் தொல்லை என்ற உணர்வு வேறு, அச்சம் என்ற உணர்வு வேறு. தொல்லையைத் துடைக்கத் தண்ணீரும் வண்ணமும் போதும். நாயும் தடியும் தேவைப்பட்டது அச்சத்திற்குத்தான். அந்த அச்சம் கற்பனை செய்துகொண்ட முகம் கருத்த முகமாகவே இருந்தது. அதே சுவர்களையும் பெட்டிகளையும் நிறைத்திருந்த சிகரெட், மது விளம்பரங்களை யாரும் அசுத்தம் என்று சொல்லவில்லை. அவற்றுக்குக் கட்டணம் செலுத்தப்பட்டிருந்தது.

சேமோ

மன்ஹாட்டனில் இருந்த மாற்றுக் கல்வி முறைப் பள்ளியொன்றில் பாஸ்கியா படித்தார். அங்கே நண்பர் ஆல் டயஸுடன் சேர்ந்து சேமோ என்ற புனைபெயரை உருவாக்கினார். எல்லாம் அதே பழைய கழிசடைதான் என்று பொருள்படும் கொச்சைத் தொடரொன்றின் சுருக்கம் அது. பதினேழு வயதில் பள்ளியை விட்டார். வீட்டையும் விட்டு வெளியேறினார். நண்பர்களின் வீடுகளில் படுத்துறங்கி, கையால் செய்த அஞ்சலட்டைகளையும் வண்ணம் தீட்டிய சட்டைகளையும் தெருவில் விற்றுப் பிழைத்தார்.

சேமோவின் எழுத்துகள் ரயில் பெட்டிகளின் வண்ணக் கோலங்களைப் போன்றவையல்ல. எவரும் படிக்கக்கூடிய தெளிவான பெரிய எழுத்துகளில், கருப்பு வண்ணத்தில் எழுதப்பட்ட சிறு சிறு வாசகங்கள் அவை. மதத்தையும் நுகர்வு வெறியையும் கலைக்கூடங்களில் கோப்பையோடு நிற்கும் கனவான்களையும் அவை எள்ளி நகையாடின. அவற்றை எழுத அவர் தேர்ந்தெடுத்த இடங்களும் கவனத்திற்குரியவை. கலைக்கூடங்கள் நிறைந்த சோஹோ பகுதியிலும் அதை ஒட்டிய தெருக்களிலும், அக்கனவான்கள் மறுநாள் காலை நடந்து செல்லும் வழியிலேயே அவர் எழுதினார். சேமோ என்ற பெயருக்குப் பக்கத்தில் பதிப்புரிமைக் குறியையும் இட்டார். அடுத்தவர் சுவரில் எழுதிவிட்டு அதற்குத் தாமே உரிமை கோரும் அந்தச் சிறு வட்டக் குறி, உடைமை என்ற கருத்தையே கேலி செய்தது. தம் முன்னோரின் உடலே ஒருகாலத்தில் பிறருடைய உடைமையாகப் பதிவு செய்யப்பட்டிருந்ததை அறிந்த ஒருவரின் கேலி அது என்றே நாம் அதை வாசிக்கிறோம்.

1978 டிசம்பரில் வில்லேஜ் வாய்ஸ் வார இதழ் சேமோவின் பின்னால் இருந்தவர்களைப் பற்றி எழுதியது. அடுத்த ஆண்டு இருவரும் பிரிந்தனர். சேமோ இறந்துவிட்டதாக அறிவிக்கும் வாசகங்களை அச்சுவர்களிலேயே எழுதி அந்தப் பெயரை முடித்துவைத்தனர்.

நிலவறையும் அரங்கும்

அடுத்த மூன்று ஆண்டுகள் மின்னல் வேகத்தில் நகர்ந்தன. 1980 ஜூனில் டைம்ஸ் சதுக்கத்தில் கைவிடப்பட்ட கட்டடமொன்றில் இளங்கலைஞர்கள் நடத்திய கண்காட்சியில் அவர் பங்கேற்றார். 1981 பிப்ரவரியில் பி.எஸ்.1 கலை மையத்தின் பெருங்கண்காட்சி அவரைக் கலை வணிகர்களின் கண்ணில் நிறுத்தியது. அவ்வாண்டு டிசம்பரில் ஆர்ட்ஃபோரம் இதழில் ரெனே ரிக்கார்ட் எழுதிய கட்டுரை அவர் பெயரை உறுதிப்படுத்தியது. 1982 மார்ச்சில் அன்னினா நோசேயின் கலைக்கூடத்தில் அமெரிக்காவில் அவரது முதல் தனிக்கண்காட்சி நடைபெற்றது. ஜூன் மாதம் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சிக்கு அழைக்கப்பட்டபோது அவருக்கு வயது 21.

அன்னினா நோசேயின் கலைக்கூடத்தின் கீழேயிருந்த நிலவறையில்தான் அவர் வரைந்தார். வணிகர் பூட்டி வைத்து வரையச் செய்கிறார் என்ற வதந்தி கலை வட்டாரத்தில் சுவையான கதையாக உலவியது. தாம் வெள்ளையராக இருந்திருந்தால் தங்கிப் பணியாற்றும் கலைஞர் என்று மரியாதையோடு குறிப்பிட்டிருப்பார்கள் என்ற பொருளில் அவர் நேர்காணலொன்றில் பதிலளித்தார். சுவரெழுத்துக் கலைஞர் என்ற அடைமொழியையும் அவர் வெறுத்தார். அவ்வடைமொழி, கலைக்கூடத்திற்குள் வந்த பின்னரும் அவரைத் தெருவிலேயே நிறுத்தி வைத்தது. வெள்ளையின ஓவியர் ஒருவர் தெருவில் வரைந்தால் அது அவர் கையாண்ட ஓர் உத்தி. கருப்பின ஓவியர் வரைந்தால் அது அவருடைய பிறப்பிடம். உள்ளே அனுமதிப்பதும் உள்ளே வந்தவருக்குத் தனி இருக்கை போடுவதும் சேர்ந்தே நடக்கும் என்பதை நாம் நம் நிறுவனங்களிலும் கண்டுவருகிறோம்.

தம் ஓவியங்களில் அவர் செய்த வேலை தெளிவானது. குத்துச்சண்டை வீரர்களான ஜோ லூயி, சுகர் ரே ராபின்சன், இசைக்கலைஞர்களான சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி முதலியோரைத் தம் திரைச்சீலைகளில் கொண்டுவந்தார். தலைகளுக்கு மூன்று முனைக் கிரீடம் சூட்டினார். அருங்காட்சியகச் சுவர்களில் கருப்பின மாந்தர் இல்லாதிருந்த இடத்தை அவர் நிரப்பினார். அடிமைச் சந்தையை வரைந்தார். சர்க்கரை, பருத்தி, தங்கம் என்று பண்டங்களின் பெயர்களை எழுதினார். சொற்களை எழுதி அவற்றின் மேலேயே கோடு இழுத்து அடித்தார். அடிக்கப்பட்ட சொல்லைத்தான் மனிதர்கள் உற்றுப் படிப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு. 1981இல் வரைந்த ஓவியமொன்றில், தம் மக்களை ஒடுக்கும் அமைப்பின் சீருடையை அணிந்து நிற்கும் கருப்பினக் காவலரின் முரணைக் காட்டினார். தெருவில் தொடங்கிய எழுத்தும் அடித்தலும் திரைச்சீலைக்கு இடம்பெயர்ந்தன, பேசுபொருள் மாறவில்லை.

மைக்கேல் ஸ்டூவர்ட்

1983 செப்டம்பர் 15 அதிகாலை மூன்று மணியளவில், மன்ஹாட்டனின் முதல் அவென்யூ சுரங்க ரயில் நிலையத்தில் மைக்கேல் ஸ்டூவர்ட் கைது செய்யப்பட்டார். அவரும் ஓவியராக விரும்பியவர். பாஸ்கியா புழங்கிய அதே நட்பு வட்டங்களில் புழங்கியவர். யூனியன் சதுக்கத்தில் இருந்த போக்குவரத்துக் காவல் அலுவலகத்திற்கு அவரைக் கொண்டுசென்றனர். அங்கே அவர் அலறியதையும் காவலர்கள் அவரைத் தாக்கியதையும் எதிரிலிருந்த மாணவர் விடுதியின் சன்னல்களிலிருந்து கண்டதாக மாணவர்கள் சாட்சி சொன்னார்கள். கைகால்கள் பிணைக்கப்பட்ட நிலையில் பெல்வ்யூ மருத்துவமனைக்கு அவர் கொண்டுவரப்பட்டபோது நினைவு இல்லை. செப்டம்பர் 28 அன்று உயிர் பிரிந்தது.

மரணத்தின் காரணம் குறித்து நகரத் தலைமை மருத்துவ ஆய்வாளர் முதலில் ஒன்றும் பின்னர் வேறொன்றும் சொன்னார். ஆறு காவலர்கள் மீது வழக்கு நடந்தது. 1985 நவம்பரில், வெள்ளையினத்தவர் மட்டுமே அமர்ந்திருந்த நடுவர் குழு அறுவரையும் விடுவித்தது. 1990இல் 17 லட்சம் டாலர் இழப்பீட்டோடு குடும்பத்தினரின் உரிமையியல் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. ஸ்டூவர்ட்டின் மரணத்திற்காக எவரும் சிறை செல்லவில்லை.

இச்செய்தி பாஸ்கியாவை உலுக்கியது. அது தாமாகவும் இருந்திருக்கலாம் என்பதை அவர் நண்பர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். வங்கியில் பணமும் செய்தித்தாளில் பெயரும் இருந்தும், தெருவில் கை காட்டினால் வாடகைக் கார் நிற்காத மனிதர் அவர். சுரங்க ரயில் நிலையத்தின் அதிகாலை இருளில் ஒரு காவலருக்கு அவர் விட்னி அருங்காட்சியகத்தின் கலைஞராகத் தெரிந்திருக்கப் போவதில்லை.

ஸ்டூவர்ட் இறந்த சில நாள்களில் பாஸ்கியா தம் நண்பர் கீத் ஹேரிங்கின் ஓவியக்கூடச் சுவரில் ஒரு படத்தை வரைந்தார். நீலச் சீருடையணிந்த இரு காவலர்கள் தடியை ஓங்கி நிற்கிறார்கள். நடுவில் முகமோ அவயவங்களோ இல்லாத கருத்த நிழலுருவம் ஒன்று. மேலே, சுவரைச் சிதைத்தல் என்று சட்டம் சொல்லும் குற்றத்தின் பெயரை ஒற்றைச் சொல்லாக எழுதி, இருபுறமும் கேள்விக்குறி இட்டு, தம் பழைய பதிப்புரிமைக் குறியையும் சேர்த்தார். சிதைக்கப்பட்டது எது, சுவரா, மனித உடலா என்று அந்தப் படம் கேட்கிறது. விற்பதற்காகவோ காட்சிப்படுத்துவதற்காகவோ அவர் அதை வரையவில்லை. தெருவில் எழுதத் தொடங்கிய ஒருவர், தெருவில் எழுதியதற்காகக் கொல்லப்பட்டவருக்கு மீண்டும் ஒரு சுவரிலேயே அஞ்சலி எழுதினார்.

அந்தச் சுவருக்கு உரியவரான கீத் ஹேரிங் வெள்ளையினத்தவர். 1980 முதல் சுரங்க ரயில் நிலையங்களின் வெற்று விளம்பரப் பலகைகளில் சுண்ணக்கட்டியால் வரைந்துவந்தவர். அவரும் பலமுறை கைது செய்யப்பட்டார். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பினார். தமக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் இடையேயான வேறுபாடு எதுவென அவர் அறிந்தே இருந்தார். 1985இல் ஓவியக்கூடத்தை மாற்றியபோது பாஸ்கியாவின் படத்தைச் சுவரிலிருந்து வெட்டியெடுத்துச் சட்டமிட்டுத் தம் கட்டிலுக்கு மேலே மாட்டினார். 1990இல் அவர் இறக்கும்போதும் அது அங்கேயே இருந்தது.

புகழின் விலை

1985 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழின் அட்டையில் பாஸ்கியா இடம்பெற்றார். விலையுயர்ந்த கோட்டு அணிந்து, வெறுங்காலோடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் படம் அது. அவ்வேளையில் அவர் ஓவியம் ஒன்று 10,000 முதல் 25,000 டாலர் வரை விலைபோனது. அதே ஆண்டு செப்டம்பரில், ஆண்டி வார்ஹோலுடன் சேர்ந்து அவர் வரைந்த ஓவியங்கள் டோனி ஷஃப்ராசியின் கலைக்கூடத்தில் காட்சிக்கு வந்தன. பாஸ்கியா வார்ஹோலின் அலங்காரச் சின்னமாகிவிட்டார் என்ற தொனியில் நியூயார்க் டைம்ஸ் விமர்சனம் எழுதியது. நெருங்கிய நட்பு அதோடு விரிசல் கண்டது.

அந்தக் கலைக்கூடத்தின் உரிமையாளர் ஷஃப்ராசியின் கடந்த காலம் இங்கே நினைவுகூரத் தக்கது. 1974இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தொங்கிய பிக்காசோவின் குவெர்னிகா ஓவியத்தின் மேலேயே சிவப்பு வண்ணத்தைத் தெளித்து எழுதியவர் அவர். கைது செய்யப்பட்டார், நிபந்தனையோடு விடப்பட்டார், பின்னர் மன்ஹாட்டனின் முக்கியக் கலை வணிகர்களில் ஒருவரானார். இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஓவியங்களில் ஒன்றின் மேல் எழுதியவருக்கு நகரம் மறுவாழ்வு அளித்தது. ரயில் நிலையத்தின் ஓட்டுச் சுவரில் எழுதியதாகச் சொல்லப்பட்டவருக்கு ஒரு விசாரணை நாள்கூடக் கிடைக்கவில்லை. செயலின் கடுமைக்கும் தண்டனையின் கடுமைக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வும் காட்டிவிட முடியாது.

1986இல் பாஸ்கியாவின் ஓவியங்கள் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிலுள்ள அபிஜானில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1987 பிப்ரவரியில் வார்ஹோல் இறந்தார். அதன் பின் பாஸ்கியா தனிமையில் ஒடுங்கினார். ஏற்கெனவே இருந்த ஹெராயின் பழக்கம் மேலும் பற்றிக்கொண்டது. 1988 ஆகஸ்ட் 12 அன்று, கிரேட் ஜோன்ஸ் தெருவிலிருந்த தம் இல்லத்தில், போதைமருந்தின் அளவு மீறியதால் இறந்தார். புரூக்ளினின் கிரீன்வுட் இடுகாட்டில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. பத்தாண்டுகளுக்கும் குறைவான காலத்தில் நூற்றுக்கணக்கான ஓவியங்களையும் அதைவிட அதிகமான கோட்டோவியங்களையும் விட்டுச் சென்றார். போதையை நாம் இன ஒடுக்குமுறையின் கணக்கில் மட்டும் எழுதிவிட விரும்பவில்லை. அது அவருடைய தனிப்பட்ட துயரமும்கூட. ஆனால் அவருடைய உழைப்பை வாங்கியவர்கள் பலர் இருந்தும் அவருடைய தனிமையைப் பகிர்ந்துகொண்டவர்கள் சிலரே இருந்தனர் என்பதையும் சொல்லாமல் விட இயலாது.

அவருக்குப் பின்

1989 மே மாதம், தன் ரயில் பெட்டிகள் யாவும் சுவரெழுத்து அற்றவையாகிவிட்டதாக நியூயார்க் போக்குவரத்து நிர்வாகம் வெற்றி முழக்கமிட்டது. அதே ஆண்டு வெளிவந்த தம் திரைப்படமொன்றை இயக்குநர் ஸ்பைக் லீ, காவலர்களின் வன்முறைக்கோ இனவெறி வன்முறைக்கோ பலியான கருப்பினத்தவரின் குடும்பங்களுக்குக் காணிக்கையாக்கினார். ஸ்டூவர்ட் குடும்பமும் அவற்றுள் ஒன்று. உடைந்த சன்னல்கள் கோட்பாடு 1990களில் நியூயார்க் காவல்துறையின் கொள்கையாகவே ஆனது. சிறு குற்றங்களைத் துரத்தும் அக்கொள்கையின் நீட்சியில்தான் 2014இல், சில்லறை சிகரெட் விற்றதாகச் சொல்லி எரிக் கார்னரின் கழுத்தைக் காவலர் ஒருவர் நெரித்தார்.

இன்னொரு பக்கம், தெரு ஓவியத்தின் மீதான பொதுப்பார்வை தலைகீழாக மாறியது. சுவரோவியங்கள் உள்ள தெருக்களில் வீட்டு வாடகை உயர்கிறது. குவீன்ஸ் பகுதியின் ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்திலிருந்த ஓவியங்களை 2013இல் அதன் உரிமையாளர் ஓரிரவில் வெள்ளையடித்து அழித்தார். 2018இல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. ஒருகாலத்தில் நாய்களை ஏவிய நகரம், அவ்வெழுத்துகளை அழிப்பதே குற்றம் என்று தீர்ப்பளித்தது. 2021இல் பாஸ்கியாவின் ஓவியமொன்று டிஃப்பனி நகை நிறுவனத்தின் விளம்பரத்தில் பின்புலமாக நின்றது. நுகர்வு வெறியை எள்ளிச் சுவரில் எழுதியவரின் கைவண்ணம் வைரத்துக்குப் பின்னணியாயிற்று.

இதை முன்னேற்றம் என்று மட்டும் நம்மால் கொள்ள முடியவில்லை. எழுத்தை ஏற்றுக்கொண்ட சமூகம் எழுதிய மனிதர்களையும் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருளாகாது. சுவர் அழகானதும் வாடகை உயர்கிறது. அச்சுவரில் முதலில் எழுதியவர்களின் குடும்பங்கள் அத்தெருவை விட்டு வெளியேற்றப்படுகின்றன. கலை தங்கிவிடுகிறது, மக்கள் போய்விடுகிறார்கள்.

அமெரிக்கக் கருப்பின மக்களின் வரலாற்றை நாம் அயலார் கதையாக வாசித்ததில்லை. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கருப்பினச் சிந்தனையாளர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள் தம் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றனர். அந்த மரபில் நின்று பார்க்கும்போது பாஸ்கியாவின் வாழ்க்கை நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. ஊர்ப் பொதுச்சுவரில் கட்சிப் பெயரும் சாதிப் பட்டமும் ஆண்டுக்கணக்கில் இருப்பதைக் கண்டுகொள்ளாத கண், அதே சுவரில் நீல வண்ணத்தில் அம்பேத்கரின் முகம் எழுந்தால் மட்டும் சட்டம் ஒழுங்கைப் பற்றிக் கவலைப்படுமானால், அக்கவலை சுவரைப் பற்றியதன்று.

ஹேரிங்கின் சுவரிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட அந்தப் படம் 2019இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில், அதை மையமாகக் கொண்ட கண்காட்சியொன்றில் வைக்கப்பட்டது. அதை அமைத்தவர் ஷேட்ரியா லபூவியே என்ற கருப்பினப் பெண் ஆய்வாளர். பாஸ்கியாவின் பிற ஓவியங்களுக்குப் பல கோடி டாலர் கொடுக்கும் உலகம், விற்பனைக்காக வரையப்படாத இச்சிறு சுவர்த்துண்டின் முன் நின்று மைக்கேல் ஸ்டூவர்ட்டின் பெயரைப் படிக்க வேண்டியதாயிற்று. கொல்லப்பட்டு 36 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அருங்காட்சியகம் அப்பெயரைத் தன் சுவரில் தானே எழுதியது.